ஏழை வீட்டு அடுப்பும் அரசாங்கமும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதவை எனப் படித்திருப்பீர்கள். நான்காவதாக வெப்பத்தையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். அரிசி இருந்தும் அதைச் சோறாக்க நெருப்பு இல்லையெனில் பசி தீராது. குளிர் மிகுந்த நாடுகளிலோ, கூரையும் போர்வையும் இருந்தும் வீட்டைச் சூடாக்க எரிபொருள் இல்லையெனில் முதியோரும் குழந்தைகளும் நோயுறுவர். சிலர் உயிரிழப்பதும் உண்டு. இந்த வெப்பத்தை விலை கொடுத்து வாங்க இயலாத குடும்பங்களுக்கு அரசாங்கம் எவ்வாறு உதவுகிறது, அவ்வுதவி எப்போது பயன்படுகிறது, எப்போது பயன்படாமற் போகிறது என்பவற்றை இன்று ஆராய்வோம்.

முதலில் குளிர்நாடுகளைக் காண்போம். பிரிட்டனில் 1997ஆம் ஆண்டு முதியோருக்கெனக் குளிர்கால எரிபொருள் உதவித்தொகை ஏற்படுத்தப்பட்டது. இத்தொகை பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் மாதங்களில், அதாவது கடுங்குளிர் தொடங்கும் வேளையிலேயே, அவர்களுடைய கணக்கில் சேர்ந்துவிடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசு மாநிலங்களுக்குப் பணம் வழங்குகிறது. மாநிலங்கள் அப்பணத்தைப் பல சமயங்களில் எரிபொருள் விற்பவருக்கோ மின்சாரக் கம்பெனிக்கோ நேராகவே செலுத்திவிடுகின்றன. அங்கே 1976ஆம் ஆண்டிலிருந்து மற்றொரு திட்டமும் உண்டு. ஏழைகளின் வீட்டுச் சன்னல் இடுக்குகளை அடைத்து, கூரைக்கும் சுவருக்கும் வெப்பம் வெளியேறாத காப்பிட்டு, எரிபொருளின் தேவையையே குறைப்பது அத்திட்டத்தின் நோக்கமாகும்.

ஆக, மூன்று வழிகளைக் கண்டோம்: வீட்டாரிடம் பணம் தருவது ஒன்று, விற்பவரிடம் செலுத்துவது மற்றொன்று, தேவையைக் குறைப்பது மூன்றாவது. விலையையே குறைத்து விற்பது நான்காவது வழி. இந்த நான்காவது வழியையே நம் நாடு நெடுங்காலம் பின்பற்றியது.

சென்னையிலிருந்து கல்கத்தா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே அமைந்துள்ளது எங்கள் புதுவாயல். மார்கழிப் பனிக்கு இங்கே ஒரு போர்வை போதும். வீட்டைச் சூடாக்கும் கருவி எவருக்கும் வேண்டியதில்லை. ஆயினும் ஏழையின் எரிபொருட் கவலை இங்கும் உண்டு. குளிர்நாட்டில் அக்கவலை குளிர்காலத்தில் வரும். இங்கோ பன்னிரண்டு மாதமும் அடுப்படியில் இருக்கிறது. ஏரிக்கரையில் சீமைக் கருவேல முள்ளை வெட்டிச் சுமந்து வரும் பெண்களைக் கண்டால் இது விளங்கும். விறகின் விலை காசில் மட்டும் அடங்குவதன்று. விறகு, சாணம், கரி முதலியவற்றை எரிப்பதால் வீட்டினுள் எழும் புகை, 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் மக்களின் அகால மரணத்திற்குக் காரணமாயிற்று என உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அப்புகையை மிகுதியாகச் சுவாசிப்போர் அடுப்பருகே இருக்கும் தாய்மாரும் அவர்கள் இடுப்பிலுள்ள குழந்தைகளும் அல்லரோ?

விறகுக்கு மாற்றாக முன்பு ரேஷன் கடைகளில் மண்ணெண்ணெய் மலிவாக விற்கப்பட்டது. ஒரே பொருளுக்கு இரண்டு விலை இருந்தால், மலிவு விலைப் பொருள் மறைவாக வெளிச்சந்தைக்குப் போவது இயல்பு. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் ஊட்டியும், அது டீசலில் கலக்கப்படுவதை முற்றிலும் தடுக்க முடியவில்லை. அதற்கான மத்திய அரசின் மானியமும் சிறிது சிறிதாகக் குறைந்து 2020இல் நின்றது.

எரிவாயுவில் வேறு வழி மேற்கொள்ளப்பட்டது. உருளையை, அதாவது சிலிண்டரை, எல்லோரும் சந்தை விலைக்கே வாங்குவது. மானியத்தைப் பிறகு வங்கிக் கணக்கில் பெறுவது. இம்முறை 2015 ஜனவரி முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. மறைவாக விற்பதால் வரும் ஆதாயம் இதனால் குறைந்தது.

மானியம் இருப்பினும் இணைப்பே இல்லாதவர் என் செய்வர்? தமிழ்நாட்டில் மு. கருணாநிதி தலைமையிலான அரசு 2007 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பையும் அடுப்பையும் இலவசமாக வழங்கியது. மத்திய அரசு 2016 மே 1ஆம் நாள் உத்தரப் பிரதேசத்தின் பலியா நகரில் உஜ்வலா திட்டத்தைத் தொடங்கி, 2019 செப்டம்பருக்குள் எட்டுக் கோடி இணைப்புகளை அளித்தது. இது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆனால், மாணவர்களே, இணைப்பு வேறு, எரியும் அடுப்பு வேறு. உஜ்வலா குடும்பங்கள் 2019-20இல் சராசரியாக ஆண்டுக்கு மூன்று உருளைகளே வாங்கின. 2024-25இல் இது ஏறத்தாழ நான்கரையாக உயர்ந்தது. நான்கைந்து பேர் உள்ள வீட்டில் ஓர் உருளை ஒன்று அல்லது ஒன்றரை மாதம் வரும் எனக் கொண்டால், ஆண்டில் எஞ்சிய மாதங்களில் என்ன எரிந்தது என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

இதன் காரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2025 ஏப்ரலில் சென்னையில் 14.2 கிலோ உருளையின் விலை 868 ரூபாய் 50 காசு. உஜ்வலா குடும்பத்திற்கு மானியம் 300 ரூபாய். எனவே அடக்கம் 568 ரூபாய் 50 காசு. காகிதத்தில் இது நியாயமான விலையே. ஆனால் உருளை வீட்டு வாசலுக்கு வரும்போது முழுத் தொகையையும் எண்ணி வைக்க வேண்டும். மானியம் பிறகே கணக்கிற்கு வரும். நாட்கூலி வாங்கும் குடும்பத்தில் ஒரே நாளில் அத்தொகையை எடுத்து வைப்பது எளிதன்று. விறகோ ஒரு நாளைக்கு ஒரு கட்டு போதும். கையில் காசில்லாவிடினும் ஏரிக்கரை இருக்கிறது. ஆகவே அறியாமையால் அவர்கள் புகைக்குத் திரும்புவதில்லை. வேறு வழியின்றித் திரும்புகிறார்கள்.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. 2020ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்தில் உஜ்வலா குடும்பங்களுக்கு மூன்று உருளைகள் இலவசமாக அறிவிக்கப்பட்டபோது, உருளைக்கான பணம் வாங்குவதற்கு முன்னரே கணக்கில் செலுத்தப்பட்டது. முன்னதாகத் தருவது நம் நாட்டிலும் இயலும் என்பதற்கு இதுவே சான்று. இரண்டாவதாக, உஜ்வலாவில் 5 கிலோ உருளையையும் தேர்ந்துகொள்ளலாம். அதற்கும் எடைக்கேற்ற மானியம் உண்டு. சிறு உருளைக்குச் சிறு தொகை போதும் அன்றோ?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உழைக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களையும் இங்கே நினைக்க வேண்டும். முகவரிச் சான்று இல்லாமல் கடையில் வாங்கக்கூடிய 5 கிலோ உருளைக்கு மானியம் கிடையாது. குடும்பத்தோடு வந்தவர்களுக்காக, 2021 ஆகஸ்டில் தொடங்கிய உஜ்வலாவின் இரண்டாம் கட்டத்தில், ரேஷன் அட்டைக்கும் முகவரிச் சான்றுக்கும் பதிலாக அவர்கள் தாமே எழுதித் தரும் உறுதிமொழி ஏற்கப்பட்டது. இவ்வாறொரு வழி வகுக்கப்பட்டதை அறியாதவர் பலர். படித்த நீங்கள் அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். விண்ணப்பம் எழுதவும் துணை செய்யலாம்.

ஓர் உதவியை மதிப்பிடும்போது, எத்தனை ரூபாய் என்று மட்டும் கேட்டல் போதாது. எந்த நாளில், யார் கையில், எந்த உருவில் சேர்கிறது என்றும் கேட்க வேண்டும். குளிர் வரும்போதே பணம் தருவதும், விற்பவரிடமே செலுத்திவிடுவதும் இந்தக் கேள்விக்குப் பிற நாடுகள் கண்ட விடைகள். நமக்குப் பொருந்தும் விடையை நாமே காண வேண்டும்.

அதற்கு ஒரு சிறு பயிற்சி கூறி முடிக்கிறேன். உங்கள் வீட்டில் புது உருளை மாட்டும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அது தீரும் நாளையும், அடுத்த உருளை வரும் நாளையும் குறியுங்கள். அண்டை வீடுகள் சிலவற்றிலும் இசைவு பெற்று இவ்வாறே எழுதுங்கள். தீர்ந்த நாளுக்கும் வந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் என ஆண்டு முடிவில் கூட்டிப் பாருங்கள். அத்தனை நாளும் எந்த வீட்டில் யார் புகையில் நின்றார் என்பது உங்களுக்குத் தெரியவரும்.