மும்பைத் தமிழ் மாணவரும் ஆங்கில வகுப்பின் கலைச்சொற்களும்

தாதர் மராத்தி வழங்கும் பகுதி; அதனை அடுத்துள்ள மாட்டுங்காவிலும் தாராவியிலும் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். மும்பை மாநகராட்சிப் பள்ளிகளின் 8 பயிற்றுமொழிகளுள் தமிழும் ஒன்று. மகாராட்டிரத்தில் 2000ஆம் ஆண்டு முதல் ஆங்கிலம் முதல் வகுப்பிலேயே தொடங்குகிறது. 2020ஆம் ஆண்டுச் சட்டம் மராத்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. ஆகவே இங்குள்ள தமிழ்வழி மாணவர் ஒரே இலக்கணக் கருத்தை மும்மொழிக் கலைச்சொற்களால் எதிர்கொள்கிறார். அவை ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்துவன அல்ல.

எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்பனவற்றை மராத்தியின் கர்த்தா, கர்மம், கிரியாபதம் என்பவற்றோடு இணைப்பதில் பெரிய இடர் இல்லை. இடர் தோன்றுவது ‘பாஸிவ் வாய்ஸ்’ பாடத்தில். தமிழில் அது செயப்பாட்டுவினை. மராத்தி இலக்கணத்தில் ‘கர்மணி பிரயோகம்’ என்பதே அதற்கு நிகராகக் காட்டப்படுகிறது. ஆனால் ‘ராமானே ஆம்பா கால்லா’ (இராமன் மாம்பழம் தின்றான்) என்னும் தொடரும் மராத்தியில் கர்மணியே. வினைமுதல் மூன்றாம் வேற்றுமை உருபேற்க, வினை செயப்படுபொருளின் பாலைத் தழுவுகிறது. ஆம்பாவுக்குப் பதில் போளீ வந்தால் வினை ‘கால்லீ’ என மாறும். இதனைத் தமிழில் செய்வினையாகவே பெயர்க்க வேண்டும்; ஆங்கிலத்திலும் அவ்வாறே. கர்மணி என்பது இயைபு பற்றிய பெயர், ‘பாஸிவ்’ என்பது வினைமுதலைப் பின்தள்ளும் அமைப்பு பற்றிய பெயர் என்ற வேறுபாட்டைக் கூறாமல் நிகர்ச்சொல் மட்டும் தரும் ஆசிரியர், மாணவரைத் தவறான விடைக்கே அனுப்புகிறார். ‘ராமாகடூன் ஆம்பா கால்லா கேலா’ என்பதே ‘தின்னப்பட்டது’ என்பதற்கு அணுக்கமானது.

வாதத்துக்குரிய சொற்களில் சிக்கல் வேறு வகையினது. ஸ்டீபன் டூல்மின் 1958இல் விளக்கிய வாத அமைப்பில் ‘கிளெய்ம்’, ‘டேட்டா’, ‘வாரண்ட்’ என்பன அடிப்படை. அகராதியை மட்டும் நம்பினால் முதலாவது உரிமைகோரலாகவும் மூன்றாவது பிடியாணையாகவும் முடியும். வகுப்பறை காவல் நிலையமாகிவிடும். தமிழ்த் தருக்க மரபில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் உறுப்புகள் உண்டு. சிவஞானபோத உரைநெறியில் மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட துணிபைக் குறிக்கும். இன்றோ அது பிறர் கூற்றை எடுத்தாளுவதையே குறிக்கிறது. ‘கிளெய்ம்’ என்பதற்கு அதனை மீட்டால் மாணவர் தம் கருத்தை எழுத வேண்டிய இடத்தில் பிறர் வாசகத்தை எழுதுவார். ஏது என்பதற்கும் இத்தகைய இடர் உண்டு: மராத்தியில் ‘ஹேதூ’ நோக்கம் எனப் பொருள்படும், தமிழ்த் தருக்கத்தில் அது காரணம். இருமொழி அறிந்த தாராவி மாணவருக்கு இவ்விரண்டும் எளிதில் மயங்கும்.

எனவே ‘கிளெய்ம்’ என்பதற்குத் துணிபு, ‘டேட்டா’ என்பதற்குச் சான்று, ‘வாரண்ட்’ என்பதற்கு இணைப்பு விதி என வைத்துக்கொள்ளலாம். கூற்று என்பது எந்தத் தொடரையும் தழுவும் பொதுச்சொல்லாதலின் துணிபே ஏற்றது. ‘தாதரில் மின்தொடர்வண்டிகள் தாமதமாகும்’ என்பது துணிபு. ‘தண்டவாளத்தில் மழைநீர் நிற்கிறது’ என்பது சான்று. ‘நீர் தேங்கினால் வண்டிகள் மெதுவாகச் செல்லும்’ என்பது இணைப்பு விதி. சூலை மழையை அறிந்த மும்பை மாணவர் இவ்விதியை வாய்விட்டுக் கூறமாட்டார். எல்லோரும் அறிந்தது என விட்டுவிடுவார். ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் மதிப்பெண் குறைவது பெரும்பாலும் அவ்விடத்திலேயே.