வாக்கு இரகசியம், விவரங்கள்?

தேர்தல் நெருங்கினால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளுக்குக் கட்சியினரும் கருத்துக்கணிப்பு எடுப்போரும் வருவார்கள். அவர்கள் கையில் நம் பெயர் இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு வாக்காளர் பட்டியலைத் தேர்தல் ஆணையமே இலவசமாகத் தருகிறது. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, வீட்டு எண் அதில் உண்டு. மதமோ கைப்பேசி எண்ணோ இல்லை. பெயரை வைத்தே முஸ்லிம் வீடுகளைக் கணக்கிட்டுவிட முடியும்.

சில தெருக்களுக்கு ஒரு வாக்குச்சாவடி. சாவடி வாரியான முடிவுகளும் வெளியாகின்றன. ஆகவே நம் பகுதி எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது தெரிந்துவிடும். ஆனால் நாம் ஒவ்வொருவரும் யாருக்கு வாக்களித்தோம் என்பது எவருக்கும் தெரியாது. "எங்களுக்குத் தெரியும்" என்று யாராவது சொன்னால் அஞ்ச வேண்டாம்.

பட்டியலில் இல்லாததை நம்மிடமே கேட்டு வாங்குகிறார்கள். தி.மு.க.வின் 'ஓரணியில் தமிழ்நாடு' உறுப்பினர் சேர்க்கையில் ஓ.டி.பி. பெறுவதற்கு 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. எந்தக் கட்சியினர் வந்தாலும் ஓ.டி.பி., ஆதார் எண், வங்கி விவரம் கொடுக்காதீர்கள். கணிப்பாளருக்குப் பதில் சொல்வதும் மறுப்பதும் நம் உரிமை. பகலில் தனியாக இருக்கும் பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லி வைப்போம்.

பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் படிவம் 6 கொடுங்கள். வாக்கு நம்மிடமுள்ள அமானிதம்.