கதவை மறைச்சு நிக்காதீங்க!

மிளகு வாங்கத்தான் மாரமங்கலம் போனேன். சில்வர் ஓக் மரத்தில் கொடி ஏறிக் காய்க்கிற ஏற்காடு மலை மிளகுக்குத் தனிக் காரம். பேரம் படிகிற நேரத்தில் ஒருவர் ஓடி வந்தார்.

"நர்ஸம்மா, நீங்க மனநோய் ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவங்களாமே! தம்பி கட்டையைத் தூக்கிட்டான். ஒரு ஊசி போட்டுட்டுப் போங்க!"

(ரிட்டயரான நர்ஸ் கைப்பையில் ஊசியோடுதான் திரிவாள் என்று ஊருக்குள் ஒரு நம்பிக்கை!)

போனேன். வாசலை அடைத்துக்கொண்டு எட்டுப் பேர், ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் மாட்டுக் கயிறு. உள்ளே இருபத்தாறு வயசுப் பையன், விறகுக் கட்டையோடு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

என் கன்னம் லேசாக வலித்தது. அது முப்பது வருஷத்துக்கு முந்தின வலி.

வேலையில் சேர்ந்த புதிது. ஒரு நோயாளி வந்து, "எங்கம்மா எப்ப வருவாங்க?" என்றார். ரிஜிஸ்டரிலிருந்து நிமிராமல், "வருவாங்க, போய் உக்காருங்க" என்றேன். மறுபடி கேட்டார். அதே பதில். மூன்றாவது தடவை, பளார்! கம்மல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஐஸ் வைத்துவிட்ட ஹெட் சிஸ்டர் சொன்னார்: "அடிச்சதை அப்புறம் எழுது. அதுக்கு முந்தின பத்து நிமிஷத்தை முதல்ல எழுது."

அந்தப் பத்து நிமிஷத்தில் எல்லாமே இருந்தது. கேட்டதையே கேட்டார், கை இறுகியது, மூச்சு வாங்கியது, குரல் ஏறியது. பார்க்காதவள் நான்தான்.

மனநோய் வந்தவர்களெல்லாம் அடிப்பார்கள் என்பது சினிமா கிளப்பிவிட்ட புரளி. பெரும்பாலானவர்கள் யார் மேலும் கை ஓங்குவதில்லை. ஓங்குகிறவர்களிடமும் கோபத்துக்கு அடியில் அநேகமாக பயம் இருக்கும். 'உன்னைக் கொல்ல வர்றாங்க' என்று காதுக்குள் குரல் கேட்கிற ஒருவரை நாலு பேர் கயிறோடு நெருங்கினால், அவர் என்னதான் நினைப்பார்? சில சமயம் பசி, பல்வலி, குடியை நிறுத்திய இரண்டாம் நாள் நடுக்கம்கூடக் காரணமாக இருக்கும்.

முதல் வேலையாக, கூட்டத்தைத் தோட்டத்துப் பக்கம் அனுப்பினேன். கயிறும் கண்ணில் படாத இடத்துக்குப் போனது. நான் உள்ளே போகவில்லை. (கையில் அரிவாள் இருந்திருந்தால் வாசலுக்கே போயிருக்க மாட்டேன், போலீசுக்குத்தான் போன்.) கதவை விட்டு ஒதுங்கி, இரண்டு கை தூரம் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நின்றேன். கை இரண்டும் வெளியே தெரிந்தது.

'அமைதியா இரு' என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லி யாரும் அமைதியானதில்லை. சந்தேகமிருந்தால் இன்று ராத்திரி உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்!

"சாப்ட்டியா கண்ணு?"

பதில் இல்லை. நானும் அவசரப்படவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "உக்காரு உக்காருங்கறாங்க. உக்கார முடியலையே! காலுக்குள்ள என்னமோ ஓடுது" என்றான். கட்டை கை மாறியது.

"உக்கார வேணாம். நடந்துக்கிட்டே பேசு. கட்டையை மட்டும் கீழ வெச்சிடறியா?"

வைத்தான்.

அம்மாவிடம் மாத்திரைச் சீட்டைக் கேட்டேன். பத்து நாள் முன்னால்தான் அளவு கூடியிருந்தது. சிலருக்கு இந்த மருந்துகள் காலைத் தரிக்கவிடாது. நோய் முற்றிவிட்டது என்று தப்பாக நினைத்து அதே மருந்தை இன்னும் கூட்டினால் அவஸ்தையும் கூடும். அதற்காக மாத்திரையை நாமே நிறுத்தவும் கூடாது. அன்றே சேலத்தில் டாக்டரிடம் காட்டினார்கள். அவர் அளவை மாற்றிக் கொடுத்தார்.

கயிறு வைத்திருந்தவர் அவனுடைய அண்ணன்தான். அவரிடம் ஏர்வாடியைச் சொன்னேன். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலி போடுவதை அடியோடு தடுக்கிறது. ஆஸ்பத்திரியில்கூட, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான், மனநல மருத்துவர் அனுமதியோடு, கொஞ்ச நேரம் கட்டிவைக்கலாம். 'ஆள் பத்தலை' என்பதெல்லாம் காரணம் ஆகாது. ராத்திரி நேரத்தில் யோசனை கேட்க 14416 இலவச எண்ணையும் எழுதிக் கொடுத்தேன்.

மனுஷர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அது சரிங்க நர்ஸம்மா, கதவை விட்டு ஒதுங்கி நின்னீங்களே, அவன் வெளிய ஓட வழி விட்டீங்களா?"

"அவனுக்கும்தான், எனக்கும்தான்!"