கட்டில் அல்ல, காலே மருந்து!

"அசையாதே! குனியாதே! படியேறாதே! பளு தூக்காதே!"

மாரடைப்பிலிருந்து பிழைத்து, இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டோ, மார்பைத் திறந்து பைபாஸ் செய்துகொண்டோ வீடு திரும்பும் தொழிலாளிக்கு வாசற்படியிலேயே காத்திருக்கும் கட்டளைகள் இவை. கட்டளை இட்டவர் டாக்டரா? அல்ல. அத்தை, மாமன், அடுத்த வீட்டுக்காரர், ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்த கூட்டாளி! நேற்று வரை மூட்டை சுமந்தவர், இன்று ஒரு செம்புத் தண்ணீருக்கு மகளைக் கூப்பிட வேண்டும். தெருமுனை டீக்கடைக்குப் போக எழுந்தால் மனைவி கையைப் பிடித்து உட்கார வைக்கிறாள். மாதங்கள் ஓடுகின்றன. வேலை போகிறது, கூலி போகிறது, "நான் இனி உதவாதவன்" என்ற எண்ணம் வந்து நெஞ்சில் குந்திக்கொள்கிறது.

பாசத்தால் கட்டிய சிறை அது, தோழர்களே!

பாசத்தைப் பழிக்க நாம் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறோம்: உயிர் பிழைத்தது கட்டிலில் கிடப்பதற்கா? இருதயத்துக்குப் படுக்கைதான் மருந்து என்று சொன்னது யார்?

சொன்னது மருத்துவமேதான். 1912-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்து டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக், மாரடைப்பு கண்டவர் அனைவரும் அந்த நொடியே மாள்வதில்லை, பிழைப்பவரும் உண்டு என்று எடுத்துக் காட்டினார். அவர்களுக்குப் பூரண ஓய்வு வேண்டும் என்றும் எழுதினார். அடிபட்ட இருதயத் தசை தழும்பாகி இறுகுவதற்குச் சுமார் 6 வாரம் பிடிக்கும் என்பது பின்னர் தெரிந்தது. அவ்வளவுதான், 6 வாரப் படுக்கை வேதவாக்காகிவிட்டது! நோயாளி தன் கையால் சோறு உண்ணக்கூடாது. தானே முகம் மழிக்கக்கூடாது. மலஜலத்துக்கும் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது.

விளைவு என்ன? அசையாத காலில் இரத்தம் உறைந்தது. உறைந்த கட்டி நுரையீரலுக்கு ஏறி உயிரைக் குடித்தது. முதுகில் புண் வந்தது. தசை கரைந்தது. மனம் மடிந்தது. இருதயத்தைக் காக்க விரித்த படுக்கையே பலருக்குப் பாடையாயிற்று.

இந்த வேதவாக்கை எதிர்த்துக் கேள்வி கேட்டவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் இருவர். மூத்தவர் சாமுவேல் லெவின். இளையவர் பெர்னார்ட் லவுன். படுத்திருப்பவனின் கால் இரத்தமெல்லாம் இருதயத்துக்குத் திரும்பி அதன் சுமையைக் கூட்டுகிறது. உட்கார்ந்தால் இரத்தம் கீழே தங்கி, சுமை குறைகிறதே, அப்படியானால் உட்கார வைத்தால் என்ன என்று கேட்டார் லெவின். நோயாளிகளைச் சில நாட்களுக்குள்ளாகவே தூக்கி நாற்காலியில் அமர்த்தினார்கள். "இது கொலை!" என்று சொல்லாத குறையாக எதிர்த்தார்கள் உடன் பணியாற்றிய டாக்டர்கள். ஆனால் நாற்காலியில் அமர்ந்தவர்கள் தேறினார்கள், தெம்பாகப் பேசினார்கள், வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்கத் தொடங்கினார்கள். 81 நோயாளிகளின் அனுபவத்தை 1952-இல் இருவரும் வெளியிட்டார்கள். ஒரு சாதாரண நாற்காலி, ஒரு பெரிய பயத்தை வென்றது! (இந்த லவுன்தான் பின்னாளில் சோவியத் டாக்டர் சாசோவுடன் சேர்ந்து அணு ஆயுதப் போருக்கு எதிரான டாக்டர்களின் இயக்கத்தை நிறுவியவர். அந்த இயக்கம் 1985-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றது.)

அடுத்த சாட்சி வந்தது எங்கிருந்து? அரண்மனையிலிருந்து அல்ல, பஸ்ஸிலிருந்து! 1953-இல் லண்டன் டாக்டர் ஜெரி மோரிஸ், அந்நகரப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் சுமார் 31,000 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே தெரு, ஒரே புகை. ஆனால் டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டரோ மாடி பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க நாளொன்றுக்கு ஐந்நூறு, அறுநூறு படிகள் ஏறி இறங்குகிறார். மாரடைப்பு யாருக்கு அதிகம்? உட்கார்ந்திருந்தவருக்கே! கண்டக்டர்களுக்கு நோய் குறைவு. வந்தாலும் தாமதமாக வந்தது, உயிர்ச்சேதமும் குறைவாக இருந்தது. நடந்து கடிதம் கொடுத்த தபால்காரருக்கும், மேஜையில் அமர்ந்த குமாஸ்தாவுக்கும் இடையிலும் இதே வித்தியாசம்.

"டிரைவர்கள் ஆரம்பத்திலேயே பருமனானவர்களாக இருந்திருக்கலாமே?" என்று கேட்கிறீர்களா? மோரிஸும் தம்மையே அப்படிக் கேட்டுக்கொண்டார்! தொழிலாளருக்குத் தைத்துக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவுக் கணக்கைத் தேடி எடுத்தார். டிரைவர்களின் இடுப்பு பெருத்துத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் 1956-இல் எழுதினார். ஆனாலும் பருமன் மட்டுமே காரணமாகிவிடவில்லை. அதன் பின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அவர் காட்டிய திசையிலேயே சென்றன. அவரும் தாம் கண்டதைத் தம் உடம்பிலேயே கடைப்பிடித்து, 2009-இல் மறையும்போது 99 வயதை எட்டியிருந்தார்.

நோயில்லாதவனையும் படுக்கை என்ன செய்யும் என்பதற்கு மூன்றாவது சாட்சி, டல்லாஸ் நகரத்தில் 1966-இல் நடந்த சோதனை. இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் கட்டிலில் படுக்க வைத்தார்கள். உழைக்கும்போது உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் உச்சத் திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்துவிட்டது! பிறகு பயிற்சி கொடுத்தார்கள். திறன் மீண்டது, முன்னிலும் உயர்ந்தது. முப்பது ஆண்டு கழித்து, 1996-இல், அதே ஐவரை ஐம்பது வயதில் சோதித்தபோது தெரிந்தது என்ன? முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே பெரிது!

காளைப் பருவத்துக்கே இந்தக் கதி என்றால், மார்பில் தையலோடு மூன்று மாதம் முடங்கிக் கிடக்கும் ஐம்பத்தைந்து வயதுத் தொழிலாளியின் கதி என்ன? எண்ணிப் பாருங்கள்.

"அடைப்பைத்தான் எடுத்தாயிற்றே, இனி என்ன?" என்பார் சிலர். 1967-இல் ரெனே ஃபவலோரோ வழிவகுத்த பைபாஸும், 1977-இல் கிரன்ட்ஸிக் தொடங்கிய பலூன் சிகிச்சையும், பின்னர் வந்த ஸ்டென்டும் மனித மூளையின் மகத்தான சாதனைகள். ஆனால் அவை செப்பனிடுவது அடைபட்ட இடத்தை மட்டுமே. அடைப்பை உண்டாக்கிய நோய் உடம்பெங்கும் இருக்கிறது. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, கொழுப்பு, கவலை ஆகியவற்றை எந்தக் கம்பி வலை தடுக்கும்? வாய்க்காலில் மண்ணை வெட்டி எடுத்தால் போதுமா? மேட்டிலிருந்து மண் சரிவதைத் தடுக்க வேண்டாமா?

அந்த வேலையைச் செய்வதில் மாத்திரைக்குத் துணை நிற்பதுதான் முறையான உடற்பயிற்சி. பழகிய தசை, வருகிற இரத்தத்திலிருந்து பிராணவாயுவை நன்றாக எடுத்துக்கொள்கிறது. அதனால் அதே வேலைக்கு இருதயம் குறைவாகத் துடித்தால் போதும். கொதிப்பு தணிகிறது, சர்க்கரை அடங்குகிறது, பயம் விலகுகிறது. இது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. 63 ஆய்வுகளை, 14,486 நோயாளிகளின் கணக்கை ஒன்று சேர்த்து 2016-இல் வெளியான தொகுப்பு சொல்கிறது: பயிற்சி பெறாதவர்களில் 100-க்கு 10.4 பேர் இருதய நோயால் மாண்டார்கள், பெற்றவர்களில் 7.6 பேர். மீண்டும் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தவர்கள் 30.7-லிருந்து 26.1-ஆகக் குறைந்தார்கள். சாகாவரம் அல்ல இது. ஆனால் ஒதுக்கித் தள்ளக்கூடியதும் அல்ல.

பயிற்சி என்றால் நாளைக்கே மைதானத்தில் ஓடுவது என்று யாரும் எண்ண வேண்டாம். அது படிப்படியான வேலை. ஆஸ்பத்திரியிலேயே உட்காருதல், மூச்சுப் பயிற்சி, வராந்தாவில் சில அடி நடை. வீடு வந்ததும் சமதரையில் சில நிமிட நடை. நாளுக்கு நாள் சற்றுக் கூட்டுதல். பைபாஸ் செய்தவருக்கு மார்பெலும்பு சேர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை பாரம் தூக்குவதும், தள்ளுவதும், இழுப்பதும் கூடாது. நடக்கவோ தடையில்லை! பிறகு டாக்டர் நடக்க விட்டு, இருதயத்தின் தாங்கும் சக்தியைச் சோதித்து, அளவு குறித்துக் கொடுப்பார். அதன்படி வாரம் இரண்டு மூன்று நாள், இரண்டு மூன்று மாதம், மேற்பார்வையில் பயிற்சி. தொடக்கத்தில் உடம்பைச் சூடேற்றுவது, முடிவில் மெதுவாகத் தணிப்பது, இரண்டையும் விடக்கூடாது.

அளவு சரியா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச்சு மூச்சில் முட்டினால் வேகம் அதிகம். நெஞ்சு வலி, தலைசுற்றல், மிஞ்சிய மூச்சுத் திணறல், தாறுமாறான துடிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அங்கேயே நிற்க வேண்டும். வலி தணியாவிட்டால் ஒரு கணமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"நாள் முழுதும் மூட்டை தூக்குகிறேனே, அதற்கு மேலா பயிற்சி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி! ஆனால் மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்குவது வேறு. மூச்சை விட்டுச் சீராக நடப்பது வேறு. முன்னது கொதிப்பைச் சட்டென்று ஏற்றுகிறது. பின்னது இருதயத்தைப் பழக்குகிறது. வெயிலில், இடைவேளை இல்லாமல், மேஸ்திரியின் அதட்டலில் செய்யும் பாடு மருந்தாகாது.

அப்படியானால் வேலைக்கே திரும்பக்கூடாதா? திரும்பலாம்! கிளீவ்லாந்து நகரத்து டாக்டர் ஹெர்மன் ஹெல்லர்ஸ்டைன் 1950-களில் பாடுபட்டது இதற்காகத்தான். இருதய நோயாளியைப் பார்த்து "இவன் லாயக்கில்லை" என்று ஒரே சொல்லில் தள்ளாதே. அவன் செய்யும் வேலை எவ்வளவு கேட்கிறது, அவன் இருதயம் எவ்வளவு தாங்கும், இரண்டையும் அளந்து பார் என்றார் அவர். அளந்து பார்த்தால் பலர் பழைய வேலைக்கே திரும்பலாம். சிலருக்குச் சில வாரம் இலகுவான வேலை போதும். இது டாக்டரின் அறையோடு முடிகிற விஷயமா? ஆலை வாசலிலும், சங்க மேஜையிலும் பேச வேண்டிய விஷயம் அல்லவா?

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே, 2016-இல் இந்தப் பயிற்சிக்குத் தகுதியிருந்த முதியோரில் நால்வரில் ஒருவர்தான் அதில் சேர்ந்தார். தூரம், செலவு, எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமை ஆகியவை அங்கேயே தடையென்றால், அன்றாடக் கூலியை நம்பிய நம் தோழருக்குச் சொல்லவா வேண்டும்? இயந்திரங்கள் நிறைந்த கூடம் இல்லாவிட்டால் வழியே இல்லையா? உண்டு. இந்தியாவின் 24 ஆஸ்பத்திரிகளில் 3,959 பேரிடம் யோகப் பயிற்சியைச் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். மரணம் குறைந்தது என்று அதில் உறுதியாக நிலைநாட்ட முடியவில்லை. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் தம் பழைய வாழ்க்கைக்கு மேலாகத் திரும்பினார்கள்.

ஆகவே தோழர்களே, ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படும் நாளில் மூன்று கேள்விகளைக் கேட்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். நான் எவ்வளவு நடக்கலாம்? என் இருதயத்தின் சக்தியை எப்போது சோதிப்பீர்கள்? நான் செய்யும் வேலை இது. எந்த நாளில், எந்த அளவில் திரும்பலாம்? கேட்பது குற்றமல்ல, உங்கள் உரிமை! சொன்ன மாத்திரையை நிறுத்தாதீர்கள், பீடியைத் தொடாதீர்கள்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. எழுந்தவரின் கையைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள். அதே கையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்து வாருங்கள். நாளைக்கு இன்னும் பத்து அடி!