கலைஞர் கூட்டுறவு

சென்னைக்கு மேற்கே, அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் திருநின்றவூர். அது பூசலார் நாயனார் வாழ்ந்த பதியாகும். இறைவனுக்குக் கோயில் எழுப்ப விரும்பிய அவர், பொருள் கிடையாமையால் தம் நெஞ்சினுள்ளேயே அதனைக் கட்டி முடித்தார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. இறைவன் கனவில் உணர்த்திய பின்னரே காடவர்கோன் அம்மனக்கோயிலை அறிந்தான்.

பொருளற்ற கலைஞர் நிலையும் ஏறத்தாழ இத்தகையதே. உள்ளத்தில் உருவாகும் படைப்பைப் பிறர் காண வேண்டுமாயின், அதற்கு ஓர் இடம் வேண்டும். தனியொருவர்க்கு எட்டாத அவ்விடத்தைப் பலர் கூடிப் பெற்ற வரலாறு நம் நாட்டிலேயே உண்டு.

சென்னை அரசு கலைத்தொழிற் பள்ளியின் முதல்வராக விளங்கியவர் கே. சி. எஸ். பணிக்கர். அந்நாளில் புதுமுறை ஓவியங்களை விலை கொடுத்து வாங்குவோர் மிகச் சிலரே. ஆதலின் அவரும் அவருடைய மாணவர்களும் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அவ்வூதியத்தைத் திரட்டி நிலம் வாங்கி, 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். அங்கே வீடும் தொழிற்கூடமும் காட்சிக்கூடமும் எழுந்தன. அக்கூட்டத்தைச் சேர்ந்த ஓவியர் விசுவநாதன், பின்னாளில் பாரிசில் தங்கி, ஐம்பூதங்களைப் பற்றித் திரைப்படங்களும் எடுத்தார். தூரிகை பிடித்த கை படப்பெட்டியையும் பிடித்தது.

அசையும் படத்தையே கலைப்பொருளாகக் கொள்வது காணொளிக் கலை. கொரியாவில் பிறந்த பைக் என்னும் கலைஞர், 1963-இல் செருமனியின் வுப்பர்தால் நகரில் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கொண்டே ஒரு கண்காட்சி நடத்தினார். இக்கலை வளர அதுவும் ஒரு தொடக்கமாயிற்று.

சிலையை வேற்றூர்க்கு அனுப்பப் பெட்டியும் வண்டியும் வேண்டும், செலவும் பெரிது. காணொளிக்கோ ஒரு படிமம் போதும். இருண்ட அறையும் வெண்சுவரும் ஒளிவீச்சுக் கருவியும் இருப்பின், ஒரே படைப்பைப் பல ஊர்களில் ஒரே நாளில் காட்டலாம். ஆகவே, கலைஞர்கள் தாமே நடத்தும் சிறு கூடங்கள் ஒன்றோடொன்று கைகோத்துக் கண்காட்சி நடத்துதற்கு இக்கலை மிகவும் ஏற்றது.

இத்தகைய கூடங்கள் தெற்காசியாவில் பல. 1997-இல் தில்லியில் 'கோஜ்' தோன்றியது. அப்பெயர்க்குத் 'தேடல்' என்பது பொருள். 2000-இல் கொழும்பில் 'தீர்த்த', 2002-இல் தாக்காவில் 'பிரித்தோ' என்பனவும் தோன்றின. இவை ஒரு நாட்டுக் கலைஞரை மற்றொரு நாட்டிற்கு அழைத்து, உடனிருந்து படைக்கச் செய்தன. அரசுகள் பிணங்கிய காலத்தும் கலைஞர் நட்புக்கு இவை இடமளித்தன.

கூட்டுறவில் இடர்ப்பாடும் உண்டு. செலவை யார் ஏற்பது, எவர் படைப்பை முதலிற் காட்டுவது என்னும் வினாக்கள் எழும். அவற்றை முன்னரே பேசி முடிவு செய்தலும், படைத்தவர் பெயரை மறவாது குறித்தலும், வரவையும் செலவையும் யாவரும் அறிய வைத்தலும் வேண்டும். தேர்வடத்தை ஒருவர் மட்டும் பற்றி இழுத்தால் தேர் அசையாது. ஆளுக்கொரு திசையில் இழுத்தாலும் அசையாது. ஒரே திசையில் ஊர் கூடி இழுத்தால் தேர் நிலைக்கு வந்து சேரும். கலைக்கும் அதுவே வழி.