புது மீன் தொட்டி... மூணாவது நாளே தண்ணி கலங்குதா? மொத்தமா மாத்தாதீங்க!

சென்னை கொளத்தூரில் ஆசை ஆசையாக மீன் வாங்கி வந்து விட்டால், மூன்றாவது நாளே தண்ணீர் பால் மாதிரி கலங்கும். உடனே தொட்டியைக் காலி செய்து, ஃபில்டரையும் குழாயடியில் தேய்த்துக் கழுவுவார்கள். மீன்கள் சாவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

அந்தக் கலங்கல் வெறும் பாக்டீரியா பெருக்கம், தானாகவே தெளிஞ்சிடும். கொல்வது கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா. மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உருவாகும் இதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை, அவ்வளவாக ஆபத்தில்லாத நைட்ரேட்டாக்கும். இந்த இரண்டும் ஃபில்டர் ஸ்பாஞ்சில் செட்டாக 4 முதல் 6 வாரம் ஆகும். குழாய்த் தண்ணீரின் குளோரின் பட்டால் மறுபடி முதல்ல இருந்து!

டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 காட்டும் வரை புது மீன் சேர்க்காதீங்க. அளவு ஏறினால் கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் ஆன்டி குளோரின் சொட்டுகள் அவசியம். ஸ்பாஞ்சை, தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும். தீனியையும் குறைங்க, ஒருநாள் பட்டினியால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் மட்டும் யோசிக்காமல் பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், அவருடைய அழுக்கு ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். காத்திருக்கும் நாட்கள் நிறையவே குறையும்.