தகரக் கூரையில் வந்த வானிலை

மலேசியாவின் பேராக் ரப்பர் தோட்டங்களில் வானிலை அறிக்கை லயத்து வீடுகளின் தகரக் கூரையில்தான் வந்தது. விடிகாலை நான்கு மணிக்குச் சடசடவென்று சத்தம் கேட்டால், எழுந்து அடுப்பை மூட்டுவதா, மறுபடி படுப்பதா என்ற யோசனை. காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனாலும் மேற்பார்க்கும் தண்டல் வானத்தை அண்ணாந்து பார்ப்பார். கணக்கெழுதும் கிராணி செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டைத் திறக்கமாட்டார். வேலை இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை.

நனைந்த பட்டையைச் சீவினால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் வழியும். மங்குக் கிண்ணத்தில் விழுந்ததையும் மழை அடித்துக்கொண்டு போகும். காயட்டும் என்று காத்திருந்து வெயிலேறிய பிறகு வெட்டினால், விடியற்காலைக் குளிர்ச்சியில் ஓடுகிற அளவுக்குப் பால் ஓடாது.

வடகிழக்குப் பருவமழையின் மூர்க்கத்தைத் தித்திவங்சா மலைத்தொடர் பெருமளவு கிழக்கிலேயே நிறுத்திவிடும். அதனால் பேராக்குக்கு நிம்மதி என்று நினைக்கவேண்டாம். ஆண்டின் நடுமாதங்களில் ‘சுமத்ரா’ என்கிற காற்றுமழை மலாக்கா நீரிணையில் இரவோடு இரவாகத் திரண்டு, சரியாகப் பால்வெட்டும் நேரத்துக்குக் கரையேறும். வேண்டுமென்றே செய்வதுபோல்! மழை ஓய்ந்த பிப்ரவரி, மார்ச்சிலோ மரம் இலையுதிர்த்து நிற்கும். அப்போதும் பால் குறைவு. மழையில் வெட்டாத மரம் பாலை மறுநாளுக்கு வைத்திருக்கும். தோட்டத் துரைக்கு முழு நட்டமில்லை. கூலி மட்டும் போனது போனதுதான்.

தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் தோன்றியது. நாட்கூலிக்குப் பதிலாக மாதச் சம்பள ஒப்பந்தம் கைகூடியது 2001-இல். அதற்குள் சுங்கை சிப்புட் பக்கமெல்லாம் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. குலை வெட்டுகிறவருக்கு விடிகாலை மழை சேறும் தாமதமும்தான். பழைய ரப்பருக்கு நினைவாக, 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது, வேலி போட்டு, பார்வைக்கு.

லயத்துப் பேரப்பிள்ளைகள் இப்போது ஈப்போவின் தாமான் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். வானிலைத் துறையின் ‘மைச்சுவாச்சா’ செயலியைத் திறந்தால் மழை எச்சரிக்கை கைக்குள் வந்துவிடும். கல்யாணப் பந்தலுக்கும், கல்லுமலைக் கோயில் தைப்பூசக் காவடிக்கும் அதைப் பார்க்கிறார்கள். பிற்பகல் இடி மழை எந்தத் தெருவில் கொட்டும் என்பதை மட்டும் அதுவும் சொல்லாது.

இன்னமும் பால்வெட்டுகிற சிறுதோட்டக்காரர்கள் கோட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டுகிறார்கள். மழைக்காலத்துக்கென்று அரசாங்க உதவித்தொகையும் உண்டு. நியாயமான ஏற்பாடு. பால்மரக் காடுகளில் கூலிக்கு வெட்டிய தலைமுறைக்கு மழைநாள் கணக்கை இப்படி யாரும் ஈடுகட்டவில்லை.